கால் ஃபார்திங் யாருடைய காசு?

பழைய காசு விற்கிற பேஸ்புக் குழுக்கள்ல இருக்கிறவங்களுக்கு இந்தப் பதிவு நல்லாப் பழக்கம். உள்ளங்கையில ஒரு சின்னச் செப்புக் காசு, அதுல விக்டோரியா ராணியின் தலை, கீழே ஒரு வரி: "அரிய பிரித்தானிய நாணயம், விலைக்கு இன்பொக்ஸ் வாங்க." அந்தக் காசு அநேகமாக அரை ஃபார்திங்காக இருக்கும். எப்போதாவது ஒருதரம் கால் ஃபார்திங்காக இருக்கும்.

என் சண்டை அந்த "பிரித்தானிய" என்ற சொல்லோடுதான்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். ஒரு பவுணுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஒரு பென்னிக்கு 4 ஃபார்திங். ஃபார்திங்தான் இங்கிலாந்துக்காரன் கையில புழங்கிய ஆகச் சின்னக் காசு. 1825 இல் இலங்கையில் பழைய ரிக்ஸ் டொலர் கணக்கை எடுத்துவிட்டு ஸ்டெர்லிங் கணக்கைக் கொண்டு வந்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, ஃபார்திங்கே இங்கே பெரிய காசு என்று. சந்தையில ஒரு கொத்து வெற்றிலைக்கும் ஒரு பிடி உப்புக்கும் ஃபார்திங்கை உடைக்க வேண்டியிருந்தது. அதனால் 1828 இல் அரை ஃபார்திங் அடித்தார்கள். அதுவும் போதாமல் 1839 இல் கால் ஃபார்திங். பிறகு 1851, 1852, 1853 ஆகிய ஆண்டுகளில் மறுபடியும். 13.5 மில்லிமீற்றர் அகலம், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. ஒரு பென்னிக்கு 16, ஒரு பவுணுக்கு 3840.

அரை ஃபார்திங்கை 1842 இல் பிரித்தானியாவிலும் செல்லுபடியாக்கினார்கள். கால் ஃபார்திங் இலங்கைக்காகவே அடித்த காசு. ஆனால் அதுல "சிலோன்" என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. ராணி தலை, ஒரு கிரீடம், மதிப்பு, ஆண்டு, அவ்வளவுதான். ஊர்ப் பெயர் இல்லாததால் இன்றைக்கும் பிரித்தானிய நாணயப் பட்டியல்களில் பிரித்தானியக் காசுகளோட வரிசையிலேயே அது நிற்கிறது. லண்டன் தெருவுல ஒரு பாண் துண்டு வாங்காத காசு, கண்டி, மாத்தளைக் கடைகளில் தேய்ந்த காசு, ஏலத்துல "பிரித்தானிய"க் காசு! அடித்தவன் பெயர் நிலைத்தது, தேய்த்தவன் பெயர் போய்விட்டது. இதைத்தான் சேகரிப்பு என்று சொல்லிக்கிட்டு இருக்கிறோம்.

"காசு அடிச்சவனுக்குத்தானே சொந்தம், இதுல என்ன அரசியல்?" என்று கேட்பீங்க. நான் ஹுன்னஸ்கிரியப் பக்கத்து ஆள். எங்க ஊரிலிருந்தே பதில் சொல்றேன்.

கண்டியிலிருந்து மஹியங்கனை போகிற பாதையில் தெல்தெனிய கடந்தால் மெதமஹநுவர, அதற்கும் மேலே ஹுன்னஸ்கிரிய. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் உறவு வழியில் வந்தவன், 1815 பெப்ரவரி 18 ஆம் திகதி பிடிபட்டது இந்த மெதமஹநுவரப் பக்கத்தில்தான். மார்ச் 2 இல் கண்டி ஒப்பந்தம். அரசனை வேலூருக்கு நாடு கடத்தினார்கள், 1832 இல் அங்கேயே இறந்தான். அதே 1815 ஆம் ஆண்டைப் போட்டு ஒரு செப்புக் காசு வரிசை இருக்கிறது. அரை ஸ்டைவர், ஒரு ஸ்டைவர், இரண்டு ஸ்டைவர். ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் தலை, மறுபக்கம் யானை. ஒரு தலை இறங்கின ஆண்டில் இன்னொரு தலை செம்பில் ஏறியது. சேகரிப்பவர்கள் இந்தக் காசில் யானையின் தும்பிக்கை தேய்ந்திருக்கா என்று பார்ப்பாங்க. 1815 என்ற எண்ணைப் பார்க்கிறவங்களை நான் அதிகம் கண்டதில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கு. 1940 இல் தொல்பொருட் கட்டளைச் சட்டம் எழுதினபோது எது தொல்பொருள் என்பதற்கு ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு 1815 மார்ச் 2. அதற்கு முந்தினது மரபு, பிந்தினது வெறும் பழைய சாமான். இப்போ யோசிச்சுப் பாருங்க. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே நிறையப் பேரைப் புதைத்துவிட்டு, கோப்பித் தோட்டத்துக்கு வந்த நம்ம ஆட்களின் வரலாறு முழுக்க அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். நம்மகிட்ட அரண்மனை இல்லை, செப்பேடு இல்லை, ஓலைச்சுவடி இல்லை. லயத்து வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதுக்குள்ள குலசாமிக்கு நேர்ந்து மஞ்சள் துணியில முடிந்த ஒரு காசு இருக்கும். சில வீடுகளில் நம்மகிட்ட இருக்கிற ஆகப் பழைய பொருள் அதுதான்.

அந்தக் காசு அங்கே மிஞ்சினது சும்மா நடக்கவில்லை. தோட்டத்துல சம்பளம் என்பது கையில விழுகிற காசைவிட ஏட்டில் எழுதுகிற கணக்குத்தான். வேலைக்குப் போன நாளுக்குப் "பேர்" போடுவாங்க. பாதி வேலைக்கு "அரைப்பேர்". அரிசிக்குக் கழிவு, கங்காணி கொடுத்த முற்பணத்துக்குக் கழிவு. தோட்டம் மாறினால் கடனும் கூடவே மாறும். அந்தக் கடனை எழுதின காகிதத்துக்குப் பெயர் "துண்டு". துண்டு முறையை ஒழிக்க 1921 வரை ஆனது. இப்படிக் கழித்துக் கழித்து மிஞ்சின சில்லறையில் ஒன்றைச் செலவழிக்காமல் சாமிக்கு முடிந்து வைத்தாள் ஒருத்தி. அதை நாலு தலைமுறை யாரும் அவிழ்க்கவில்லை. ஏலப் பட்டியல் அதே காசுக்கு "ஓரளவு தேய்ந்தது, சராசரி நிலை" என்று எழுதும். இந்த ரெண்டு வாசிப்பில் எது அந்தக் காசைப் பற்றி அதிகம் சொல்லுதுன்னு நீங்களே தீர்மானிங்க.

பழைய செப்புக் காசு சேர்க்கிறவங்களுக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வகைகள். ஒரே ஆண்டு, ஒரே காசு, ஆனால் அச்சில் ஒரு சின்ன வித்தியாசம். 1844 ஆம் ஆண்டு அரை ஃபார்திங்கில் பிரபலமான ஒரு வகை உண்டு. ராணி என்பதற்கான லத்தீன் சொல்லான "ரெஜினா"வில், "ஈ" எழுத்தை "என்" எழுத்துக்கு மேலே குத்தியிருப்பார்கள். யாரோ ஓர் அச்சுத் தொழிலாளி தப்பான எழுத்தை அடித்துவிட்டு அதுக்கு மேலேயே சரியானதை அடித்திருக்கிறான். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து அதைத் தேடுவார்கள். கிடைத்தால் விலை ஏறும். தப்பில்லை, எனக்கும் அந்தத் தேடல் பிடிக்கும். அச்சு எப்படிச் செய்தார்கள், எவ்வளவு அவசரம், எவ்வளவு சிக்கனம் என்று அந்த ஓர் எழுத்திலிருந்து படிக்கலாம்.

ஆனால் மலையகத்தில் பிறந்த யாருக்கும் இன்னொரு எழுத்துப்பிழை தெரியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர், பள்ளிக்கூடப் பதிவில் மூன்றாவது ஒன்று. தமிழ் தெரியாத ஒருத்தர் காதில் விழுந்தபடி எழுதின ஓர் எழுத்துக்காகச் சத்தியக்கடதாசி, கிராம சேவகர், பஸ் செலவு, அரைநாள் சம்பளம், மறுபடியும் வா என்ற பதில். ராணி பேரில் விழுந்த பிழைக்கு விலை ஏறுது. ராமாயி பேரில் விழுந்த பிழைக்கு ராமாயிதான் விலை கொடுக்கிறாள். 1844 இன் பிழையை இருநூறு ஆண்டுக்குக் கிட்ட பத்திரமாகப் பதிந்து வைத்திருக்கிற உலகம், நம்ம பேர்களின் பிழைகளை ஒருநாளும் பட்டியல் போட்டதில்லை. 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நம்ம ஆட்களிடம் கேட்டதும் காகிதம்தான். பெட்டியில ராணி தலைபோட்ட காசு இருந்தது. கடுதாசி இல்லை. காசைக் காட்டினால் யார் நம்புவான்?

காசை வைத்து ஒரு பாடமே நடத்தலாம். ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட ஒரு சதச் செப்புக் காசு மலிவு, இன்னும் நிறையக் கிடைக்குது. அதுல 54 காசை ஒரு பக்கம் அடுக்குங்க. பக்கத்துல 43. அதற்குப் பக்கத்துல 32. 1927 ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1929 இல் மலைநாட்டின் உயர்பகுதித் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்கூலி அது. ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். முதல் அடுக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 11 செப்புக் காசு. கொழுந்து பறித்தது யார், 11 காசு குறைய வாங்கினது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் 11 காசு நிரம்ப, அதாவது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி வர, 1984 ஆனது. மூன்றாவது அடுக்கு பிள்ளைகளுடையது. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

1942 இல் போர்க்காலத்தில் அதே ஒரு சதம் மெலிந்தது. செம்பு போய் வெண்கலம் வந்தது. காசு மெலிந்தாலும் அதில் எழுதின எண் மாறவில்லை. 2021 இல் சம்பளச் சபை ஊடாக 1,000 ரூபா, 2024 இல் 1,350 ரூபா என்று வாங்கின நம்ம அம்மாமாருக்கு இது புதுசா? எண் ஏறும், காசு மெலியும். பொருளியல் படிக்காதவங்களுக்கும் இது ரெண்டு காசைக் கையில வைத்துப் பார்த்தால் விளங்கும்.

இப்போ கள்ளக் காசுக்கு வருவோம். இங்கேதான் நம்ம வயசுப் பிள்ளைகள் அதிகம் ஏமாறுறாங்க.

பழைய கள்ளக் காசு வேறு, புதுக் கள்ளக் காசு வேறு. 18 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செப்புக் காசில் கள்ளக் காசு மலிந்து கிடந்தது. அதை முறியடிக்கத்தான் 1797 இல் மத்தியூ போல்ட்டன் தன் சோஹோ ஆலையில் நீராவி இயந்திரம் வைத்து, ஒரு அவுன்ஸ் எடையில், தடித்த விளிம்போடு வண்டிச்சக்கரம் போலப் பென்னி அடித்தான். அந்தக் காலத்துக் கள்ளக் காசு ஒரு வரலாற்றுச் சான்று. சில்லறை கிடைக்காத ஏழைகள் தெரிந்தே அதைப் புழங்கினார்கள். அதைச் சேகரிக்கிறவங்களும் இருக்காங்க.

புதுசு அப்படியில்லை. "கிழக்கிந்தியக் கம்பனி 1818" என்று போட்டு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ இருக்கிற கனமான காசு உங்களுக்கும் வந்திருக்கும். கம்பனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை. அது பின்னாட்களில் கோயில் வாசலிலும் சந்தையிலும் விற்கச் செய்தது. 1616, 1717 என்றெல்லாம்கூட அடித்திருக்கிறார்கள். அதை வைத்து "அரிசியை இழுக்கும் காசு, உள்ளே இரிடியம், நாசாக்காரன் கோடிக்கு வாங்குவான்" என்று ஒரு மோசடியே தமிழ்நாட்டிலிருந்து டில்லி வரை ஓடுது. நம்ம பக்கத்தில் வலம்புரிச் சங்கும் கஜமுத்தும் எப்படியோ, அங்கே இந்தக் காசு அப்படி. பழைய காசு வாங்குறோம் என்று தன் பேரையே வைத்துக் கட்டணம் கறக்கிறார்கள் என்று 2021 ஓகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டி வந்தது. "உங்க காசுக்கு 10 இலட்சம், முதல்ல பதிவுக் கட்டணம் அனுப்புங்க" என்று எவனாவது சொன்னால், போனை வையுங்க.

சோதிக்கிறது பெரிய வித்தை இல்லை. செம்பும் வெண்கலமும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் மட்டும் அசல் ஆகிவிடாது, பித்தளைப் போலியும் ஒட்டாது. அடுத்தது எடை. 1860 இல் பிரித்தானியப் பென்னி செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறியது, 95 பங்கு செம்பு, 4 பங்கு வெள்ளீயம், 1 பங்கு துத்தநாகம். அதற்குப் பிறகு அதன் எடை கிட்டத்தட்ட 9.4 கிராம். நகை நிறுக்கிற தராசு அதைச் சொல்லிவிடும். பிறகு விளிம்பைப் பாருங்க. அச்சில் அடித்த காசுக்கு விளிம்பில் வார்ப்புக் கோடு இருக்காது, முகத்தில் ஊசிமுனை அளவுக் குழிகள் இருக்காது. 1933 ஆம் ஆண்டுப் பென்னி கிடைத்தது என்று குதிப்பதற்கு முன் ஆண்டின் கடைசி எண்ணைக் கண்ணாடி வைத்துப் பாருங்க. அந்த ஆண்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் அடித்தார்கள், வேறு ஆண்டுக் காசில் எண்ணைச் சுரண்டித் திருத்துகிறவர்கள் அதைவிட அதிகம்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீங்க. எலுமிச்சை, சாம்பல், பிரசோ எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு மினுங்கலாம், காசு மினுங்கக் கூடாது. அந்தக் கறுப்புத் தோல் நூறு ஆண்டில் ஏறினது, ரெண்டு நிமிசத்தில் போய்விடும், திரும்ப வராது. பிளாஸ்டிக் பையிலும் போடாமல் சின்னக் காகித உறையில் வைங்க. உறைமேல் எழுதலாம் என்பது இன்னொரு வசதி.

ஆனாலும் எனக்கு அதிகம் கோபம் வருவது இந்தக் காசுப் போலிகள்மேல் இல்லை. "வெள்ளைக்காரன் காலத்துல காசுக்கு மதிப்பு இருந்துச்சு, ஒழுங்கு இருந்துச்சு" என்று காசுப் படத்துக்குக் கீழே கருத்துப் போடுகிறாங்களே, அதுதான் ஆகப் பெரிய கள்ளக் காசு. கால் ஃபார்திங் எவ்வளவு மதிப்பாக இருந்தது தெரியுமா? ஒரு நாள் கூலி ஆறு பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் அது 96 கால் ஃபார்திங். அவ்வளவு சின்னதாக ஒரு காசை உடைக்க வேண்டி வந்த வாழ்க்கை மதிப்பான வாழ்க்கையா? காசுக்கு மதிப்பு இருந்தது, கை மலிவாக இருந்தது.

இப்போ நடக்கிறதைச் சொல்றேன். எங்க தோட்டத்துக்குப் போன வருசம் ஒருத்தர் மோட்டார் சைக்கிள்ல வந்தார். பழைய பித்தளை, செம்பு, குத்துவிளக்கு, காசு எல்லாம் எடைக்கு எடுப்பாராம். லயத்து வாசல்ல தராசை வைத்தார். குவளையும் காசும் ஒரே தட்டில். ஒரு பாட்டி முடிச்சை அவிழ்த்துக் கொட்டினதில் ஏழெட்டுச் செப்புக் காசு. எந்தக் காசு, யார் முடிந்தது, எதுக்கு நேர்ந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்கு நேரமில்லை. அந்தப் பாட்டிகிட்ட நாங்களும் அதுக்கு முதல் கேட்டதில்லை. அந்தக் காசுகள் இனி யாரோ ஒருத்தரின் ஆல்பத்தில் "இலங்கை, கிடைத்த இடம் தெரியாது" என்று இருக்கும்.

உடனே ஒரு பதில் வரும்: "சோத்துக்கு வழியில்லாத வீட்டில் காசைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு என்ன செய்றது? விக்கட்டும்." நியாயமான பேச்சு. விக்கிறது அவங்க உரிமை, விக்காதே என்று சொல்ல நான் யார்? இன்னும் சொல்லப்போனால் இந்தக் காசில் பெரும்பாலானது பெரிய விலைக்குப் போகாது. அரை ஃபார்திங் தேடினால் கிடைக்கிற காசுதான். நான் சொல்றது வேற. காசு போகலாம், கதை அதோட சேர்ந்து போகக்கூடாது. எடைக்கு விற்கவும் கூடாது. செம்பின் எடைக்கும் காசின் விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் தரகர் வாழ்கிறார்.

இன்னொரு பக்கம், "இதையெல்லாம் நூதனசாலைக்காரங்க பார்த்துக்குவாங்க" என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்காங்க. மத்திய வங்கியின் நாணய நூதனசாலையில் காசுகளை வரிசையாகப் பார்க்கலாம். கொட்ரிங்டன் 1924 இலேயே இலங்கைக் காசுகள் பற்றித் தடித்த புத்தகம் போட்டுவிட்டார். எந்த அரசன், எந்த ஆண்டு, எந்த உலோகம் எல்லாம் அதில் இருக்கும். எந்த லயம், எந்தப் பெட்டி, யாருடைய முடிச்சு என்பது எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை. ஹந்தானையில் தேயிலை நூதனசாலைக்குப் போனால் இயந்திரங்கள் அழகாக இருக்கு. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007 இல் ஒரு லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் தொடங்கினார்கள். அங்கே போனால்தான் இயந்திரத்தை ஓட்டின கை தெரியும். நாம் சேர்க்கிறது போய்ச் சேர வேண்டிய இடம் அந்த மாதிரி இடங்கள்தான்.

அதனால் கம்பஸ் லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ ஒரு கொப்பி எடுத்துட்டுப் போங்க. உங்க அப்பாயி, அம்மாயி, பக்கத்து லயத்துத் தாத்தா, யார்கிட்ட பெட்டி இருக்கோ அவங்ககிட்ட உட்காருங்க. காசை வாங்காதீங்க. ரெண்டு பக்கமும் போன்ல படம் எடுங்க, பக்கத்துல ஓர் அடிமட்டம் வைத்து. எடை, ஆண்டு, யார் தலை என்று எழுதுங்க. அதுக்குப் பிறகு எந்தப் பட்டியலும் கேட்காத கேள்விகளைக் கேளுங்க. யார் வைத்தது? எதுக்கு வைத்தது? எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது? அந்த நாள் ஒரு பேருக்கு எவ்வளவு? ஏன் செலவழிக்கவில்லை? சொல்றவங்க பேரை அவங்க சொல்ற மாதிரியே, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்க.

ராணிகளின் பேர் செம்பிலேயே இருக்கு, அதுக்கு நாம் கவலைப்பட வேண்டியதில்லை. மற்றப் பேர்களைக் கொப்பியில் எழுத இன்னும் கொஞ்ச வருசம்தான் இருக்கு. மோட்டார் சைக்கிள்காரர் இந்த மாசமும் வருவார்.